கதவைச் சொல்பவர் யார்? சிறுகதையில் பார்வைக் கோணமும் முரண்நகையும் கற்பித்தல்

தேவகோட்டைப் பக்கம் மேல்நிலைப் பள்ளி ஒன்றில் இந்த ஆண்டு பணியில் சேர்ந்த தமிழாசிரியை ஒருவர் கேட்டிருக்கிறார்: "பதினோராம் வகுப்புப் பிள்ளைகளிடம் ஒரு சிறுகதையைக் கொடுத்துப் பார்வைக் கோணத்தை ஆராயச் சொன்னால், 'இக்கதை தன்மையில் கூறப்பட்டுள்ளது' என்று ஒரு வரி எழுதிவிட்டுப் பேனாவை மூடிவிடுகிறார்கள். முரண்நகை எது என்று கேட்டால், 'ஆசிரியர் கிண்டல் செய்கிறார்' என்கிறார்கள். இலக்கணம் தெரிந்திருக்கிறது, கதைக்குள் போக முடியவில்லை. என்ன செய்யலாம், ஐயா?"

காரைக்குடியில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வகுப்பறையில் நின்றவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன். இவ்விரண்டையும் இரண்டு தனிப் பாடங்களாக நடத்துவதில்தான் சிக்கல் தொடங்குகிறது என்பது என் உறுதியான எண்ணம். நானும் தொடக்கத்தில் அப்படித்தான் நடத்தினேன். தன்மை, படர்க்கை, எல்லாம் அறிந்த கதைசொல்லி என்று ஒரு நாள், சொல் முரண் (சொல்வது ஒன்று, பொருள் வேறு), நிகழ்வு முரண் (எதிர்பார்த்தது ஒன்று, நடப்பது வேறு), நாடக முரண் (பாத்திரத்துக்குத் தெரியாதது படிப்பவருக்குத் தெரிவது) என்று மறுநாள், பிறகு ஒப்புவிக்கச் சொல்வது. பிள்ளைகள் பிழையில்லாமல் ஒப்புவித்தார்கள், ஆனால் ஒரு கதையும் அவர்களுக்குத் திறக்கவில்லை. சொல்பவருக்குத் தெரிந்ததற்கும் படிப்பவருக்குப் புரிந்ததற்கும் நடுவே விழும் இடைவெளிதான் முரண்நகை. ஆகவே யார், எங்கே நின்று, எவ்வளவு பார்த்துச் சொல்கிறார் என்பதைப் பிள்ளைகள் அளக்கப் பழகிவிட்டால், முரண்நகையைத் தனியே தேட வேண்டியதில்லை, அது தானாகவே கண்ணில் படும்.

அளக்கப் பழக்குவதற்கு நம் ஊர் வீட்டைவிட நல்ல கருவி எனக்குத் தெரியாது. கானாடுகாத்தானிலோ பள்ளத்தூரிலோ நகரத்தார் எனப்படும் செட்டிநாட்டுச் செட்டியார்களின் பழைய வீடு ஒன்றின் தலைவாசலில் நின்றால், முகப்பு, வளவு (முற்றம் சூழ்ந்த பகுதி), இரண்டாம் கட்டு, அடுப்படி என்று வாசல் நிலைகள் ஒரே நேர்கோட்டில் அமைந்து, கொல்லை வாசல் வரை பார்வை ஓடும். ஆனால் அந்தக் கோட்டுக்கு இரு பக்கமும் உள்ள அறைகளுக்குள் நடப்பது வாசலில் நிற்பவருக்குத் தெரியாது. அடுப்படியில் இருப்பவருக்கு முகப்பில் பேசும் பேச்சு ஓசையாகக் கேட்குமே தவிரச் சொல்லாகக் கேட்காது. இதைக் கரும்பலகையில் வரைந்து, அந்த வீட்டில் ஒரு கல்யாணம் நடக்கிறது என்றும், மாப்பிள்ளை வீட்டார் திடீரென்று எழுந்து வெளியே போகிறார்கள் என்றும் சொல்லுங்கள். முகப்பில் மொய் எழுதிக்கொண்டிருக்கும் கணக்குப்பிள்ளை, வளவில் நிற்கும் பெண்ணின் ஆத்தா, இரண்டாம் கட்டில் இலை போட்டுக்கொண்டிருக்கும் சமையலாள் ஆகிய மூவரில் ஒருவராக நின்று ஆளுக்கு ஐந்து வரி எழுதச் சொல்லுங்கள். ஒரு நிபந்தனை மட்டும் உண்டு: அவர் நின்ற இடத்திலிருந்து காண முடியாததை அவர் எழுதக்கூடாது, ஊகிக்கலாம். எழுதியதைப் படிக்கும்போது பிள்ளைகளே ஒருவரையொருவர் திருத்துவார்கள்: "சமையக்காரருக்கு அது எப்படித் தெரியும்?" இந்தக் கேள்வி அவர்கள் வாயிலிருந்து வந்துவிட்டால் பாடத்தின் பாதி முடிந்தது.

பார்வைக் கோணம் என்ற சொல் நமக்குப் பிற்காலத்தில் வந்திருக்கலாம்; அதன் பொருள் நமக்குப் புதிதன்று என்பதையும் பிள்ளைகளுக்குக் காட்டிவிட வேண்டும். அகப்பாடல்களில் 'தலைவி கூற்று', 'தோழி கூற்று', 'செவிலி கூற்று', 'கண்டோர் கூற்று' என்று ஒவ்வொரு பாட்டையும் யார் சொல்கிறார், யாரிடம் சொல்கிறார் என்று குறித்துவைத்த மரபு நம்முடையது. குறுந்தொகையின் 25ஆம் பாட்டு, கபிலர் பாடியது, இதற்குப் பொன்னான சான்று. தலைவன் தன்னோடு கூடியபோது அங்கே வேறு யாரும் இல்லை, அவன் ஒருவனே இருந்தான், அவன் பொய் சொன்னால் நான் என்ன செய்வேன் என்று தலைவி வருந்துகிறாள். பிறகு, தினைத்தாள் போன்ற மெல்லிய கால்களையுடைய குருகு ஒன்றும் இருந்தது என்கிறாள். ஆனால் அந்தக் குருகு ஓடும் நீரில் ஆரல் மீனைப் பார்த்துக்கொண்டு நின்றது. 'குருகு சாட்சியா?' என்று கேட்டுவிட்டு அமைதியாக இருங்கள். இருந்தது, ஆனால் பார்க்கவில்லை; பார்த்திருந்தாலும் அதற்குப் பேச வாய் இல்லை. ஓரிடத்தில் இருப்பதும், அங்கே நடப்பதைக் காண்பதும், கண்டதைச் சொல்வதும் மூன்று வேறு செயல்கள் என்பதை எந்த இலக்கண நூற்பாவைவிடவும் இந்தப் பறவை தெளிவாகக் கற்றுக்கொடுக்கும்.

முரண்நகைக்கும் இவ்வாறே பழைய வாசல் உண்டு. அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போன ஔவையார், அவன் படைக்கலக் கொட்டிலைப் பார்த்துப் பாடியது புறநானூற்றின் 95ஆம் பாட்டு. உன் வேல்கள் மயிற்பீலி அணிந்து, மாலை சூடி, காம்பு திருத்தி நெய் பூசப்பட்டுக் காவலுள்ள மனையில் அழகாக இருக்கின்றன. எங்கள் அரசனுடையவையோ பகைவரைக் குத்தி நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்கிறார். சொற்களை மட்டும் எடுத்துக்கொண்டால் இது தொண்டைமானுக்குப் புகழுரை. 'இதில் ஒரு சொல்லாவது இழிவான சொல்லா?' என்று கேளுங்கள். ஒன்றும் இல்லை. அப்படியானால் இழிவு எங்கிருந்து வந்தது? இரண்டு படைக்கொட்டில்களை அருகருகே வைத்ததிலிருந்து வந்தது. "வாங்க தொரை, இப்பத்தான் விடிஞ்சுதா?" என்று ஆத்தா எழுப்பும்போது அது மரியாதை இல்லை என்பது எந்தப் பிள்ளைக்கும் தெரியும்; குரல் காட்டிக்கொடுத்துவிடுகிறது. அச்சில் குரல் கிடையாது. ஆகவே குரல் செய்யும் வேலையைத் தாளின்மேல் எது செய்கிறது என்ற கேள்வியே முரண்நகைப் பாடத்தின் உயிர்நாடி. பொருத்தமில்லாத ஒரு சொல், அளவுக்கு மீறிய புகழ், ஒட்டாத இரண்டு செய்திகளை ஒட்டிவைத்தல், சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லாமல் விட்ட மௌனம் ஆகியவை அந்த வேலையைச் செய்கின்றன. பிள்ளை அவற்றில் எதைக் கண்டது என்று விரலால் தொட்டுக்காட்ட வேண்டும். தொட்டுக்காட்ட முடியாத முரண்நகையை நான் ஏற்பதில்லை.

இனிக் கதைக்கு வருவோம். முதல் கதை பத்து வரிக்குள் இருக்க வேண்டும் என்பதற்காக நானே ஒன்று எழுதி வைத்திருக்கிறேன். எட்டு வயதுப் பையன் ஒருவன் சொல்வதாக அமைந்தது. பேச்சு நம் ஊர்ப் பேச்சு.

"எங்க வீட்டு வாசல் நிலையையும் கதவையும் மராமத்துக்குக் கொண்டு போறாக. அப்பத்தா அப்புடித்தான் சொன்னாக. லாரியில வந்த மாமா ரொம்ப நல்லவுக. எனக்கு ரெண்டு மிட்டாய் தந்தாக. அப்பத்தா கையில ஒரு கவரு குடுத்தாக. அப்பத்தா எதையும் மூணு தடவ எண்ணுவாக; இத எண்ணாமலே மடியில செருகிக்கிட்டாக. நிலை மேல செதுக்கியிருக்குற லெட்சுமி மொகத்த முந்தியால தொடச்சாக. அப்பத்தாவுக்கு எல்லாம் சுத்தமா இருக்கணும். கதவு எப்ப வரும்னு கேட்டேன். 'ஒனக்குக் கல்யாணம் வரயில வந்துரும், ராசா'ன்னாக. ராத்திரி கதவு இல்லாத வாசல்ல பலகையச் சாத்திவச்சு, அதுக்குப் பக்கத்துலயே பாய விரிச்சு அப்பத்தா படுத்துக்கிட்டாக. நல்ல காத்து. நான் நல்லாத் தூங்குனேன்."

இதைப் படித்து முடித்ததும் 'பார்வைக் கோணம்' என்ற சொல்லை எடுக்காதீர்கள். என்ன நடந்தது என்று மட்டும் கேளுங்கள். வீட்டை விற்கிறார்கள், கதவை விற்றுவிட்டார்கள் என்று பதில் வரும். உடனே, 'விற்றார்கள் என்ற சொல் கதையில் எங்கே இருக்கிறது?' என்று கேளுங்கள். பிள்ளைகள் தாளைப் புரட்டித் தேடுவார்கள், இருக்காது. அந்த நொடிதான் நமக்கு வேண்டியது. எழுதப்படாத ஒன்றை வகுப்பு முழுவதும் படித்திருக்கிறது. எப்படிப் படித்தோம் என்பதற்கு ஒவ்வொரு தடயமாக எழுதச் சொல்லலாம்: கவர், எண்ணாத கை, முந்தியால் துடைத்த முகம், பாய் விரித்த இடம். பிறகு ஒவ்வொரு தடயத்துக்கும் எதிரே, பையன் அதற்கு என்ன காரணம் சொல்கிறான் என்று எழுதச் சொல்லுங்கள். லெட்சுமி முகத்தைத் துடைத்ததற்கு அவன் சொல்லும் காரணம் சுத்தம். வாசலில் படுத்ததற்கு அவன் காரணமே சொல்லவில்லை, காற்று வந்தது என்கிறான். இடப் பக்கம் நடந்தது, வலப் பக்கம் பையன் புரிந்துகொண்டது. இரண்டுக்கும் நடுவில் நீங்கள் கோடு கிழித்த இடம்தான் முரண்நகை. நாடக முரண் என்ற பெயரை அப்போது சொன்னால் போதும், மறக்கமாட்டார்கள்.

அடுத்த வேலை, அதே கதையை இடம் மாற்றி எழுதுவது. அப்பத்தா சொல்வதாக எழுதும்போது பெரும்பாலான பிள்ளைகள் கண்ணீரால் நிறைத்துவிடுவார்கள், எழுதட்டும். எழுதிய பின், முதல் கதையில் வராத கண்ணீர் இதில் ஏன் வந்தது, எது வலித்தது அதிகம் என்று விவாதிக்க விடுங்கள். லாரியில் வந்தவர் சொல்வதாக எழுதுவது இன்னும் கடினம், இன்னும் பயனுள்ளது. அவர் கெட்டவர் அல்லர், காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடை வைத்துப் பிழைப்பவராக இருக்கலாம், அவருக்கு இது பர்மா தேக்கு, இத்தனை அடி, இன்ன விலை. அவர் கணக்கில் லெட்சுமியின் முகம் வேலைப்பாட்டுக்கான கூடுதல் மதிப்பு. ஒரு மாணவி அவர் கோணத்தில் எழுதியபோது, 'கிழவி பணத்தை எண்ணவில்லை, நம்பிக்கையான குடும்பம்' என்று ஒரு வரி வைத்தாள். எண்ணாத கை அந்த வீட்டுப் பிள்ளைக்கு ஒரு புதிர், வாங்க வந்தவருக்கு ஒரு நற்சான்று, படிக்கும் நமக்குத் துயரம். ஒரே செயல் மூன்று இடங்களில் மூன்று பொருள் கொள்வதை அந்த ஒரு வரியில் அவள் கண்டுபிடித்துவிட்டாள். எல்லாம் அறிந்த கதைசொல்லி சொல்வதாக எழுதினால், 'வறுமையின் காரணமாக அந்த மூதாட்டி' என்று தொடங்கி முதல் வரியிலேயே கதை முடிந்துபோகும். அதையும் ஒருமுறை எழுதிப் பார்க்க வேண்டும். தெரிந்ததையெல்லாம் சொல்லிவிடும் கதைசொல்லி படிப்பவருக்கு வேலை எதுவும் வைப்பதில்லை என்பது அப்போதுதான் புரியும்.

இந்தக் கதையை வேறு மாவட்டப் பிள்ளைகளிடம் கொடுத்தபோது ஒன்றைக் கற்றுக்கொண்டேன். கதவு விற்பது அவர்களுக்கு ஏழைமை மட்டுமே. அது ஏன் இவ்வளவு பெரிய வீட்டில் நடக்கிறது என்பது அவர்களுக்குப் பிடிபடவில்லை. முரண்நகை என்பது எழுதுபவரும் படிப்பவரும் பொதுவாக வைத்திருக்கும் அறிவின்மேல் நிற்கிறது. அந்த அறிவு இல்லாதவருக்கு அது வெறும் செய்தி. ஆகவே கதைக்கு முன் பின்னணியைச் சுருக்கமாகக் கொடுத்துவிடுவது ஆசிரியரின் கடமை. நம் ஊர்ப் பின்னணியே நிகழ்வு முரணுக்கு ஓர் எடுத்துக்காட்டு: கொண்டுவிற்க, அதாவது தொழில் செய்ய, கடல் கடந்து போன நகரத்தார் பர்மாவில் விரும்பியது வட்டியும் முதலும் திரும்பி வருவதைத்தான், நிலத்தையன்று. 1930களின் பெருமந்தத்தில் நெல் விலை விழுந்து கடன் திரும்பாமல் போக, கீழ்ப் பர்மாவின் முக்கியமான நெல் மாவட்டங்களில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு நிலம் அவர்கள் பெயருக்கு வந்து சேர்ந்தது. 1942இல் ஜப்பான் பர்மாவைப் பிடித்தது. 1948இல் விடுதலை பெற்ற பர்மா நிலத்தை நாட்டுடைமையாக்கச் சட்டம் செய்தது. பணத்தை எடுத்துவரலாம், நிலத்தை எடுத்துவர முடியாது. சொத்து பெருகிய அதே ஆண்டுகளில்தான் இழப்புக்கும் அடித்தளம் இடப்பட்டது.

இங்கே ஒரு வேறுபாட்டை அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் விடைத்தாள்களில் மிகுதியாக வரும் பிழை இது. வருத்தமான முடிவெல்லாம் முரண்நகை ஆகாது. கோடையில் ஊருணி வற்றியது என்றால் அது துயரம். ஊருக்கு ஊருணி வெட்டிக்கொடுத்த குடும்பத்தின் பேத்தி குடத்தோடு அதே ஊருணிக் கரையில் வரிசையில் நிற்கிறாள், பின்னால் நிற்பவர் 'தள்ளிப் போம்மா' என்கிறார் என்றால் அது முரண்நகை. முதலாவதில் எதிர்பார்ப்பு எதுவும் கட்டப்படவில்லை. இரண்டாவதில் கதை ஓர் எதிர்பார்ப்பைக் கட்டி, அதே பொருளைக் கொண்டே அதை உடைக்கிறது. கேலியும் அவ்வாறே: எல்லா முரண்நகையும் கேலி அன்று. என் கதையில் வரும் பையனை யாரும் கேலி செய்யவில்லை. தொல்காப்பியர், உணர்ச்சிகளின் வெளிப்பாட்டைச் சொல்லும் மெய்ப்பாட்டியலில், நகைக்கு எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்று நான்கு நிலைக்களன், அதாவது நகை பிறக்கும் இடம், சொன்னார். பிள்ளைகள் எள்ளல் ஒன்றையே நகை என்று நினைக்கிறார்கள். இளமையும் பேதைமையும் அவர் பட்டியலில் இருப்பதைக் காட்டினால், அறியாத குழந்தையின் சொல்லில் பிறக்கும் நகைக்கும் அவரே இடம் விட்டு வைத்திருப்பது தெரியும்.

அறியாமல் சொல்பவரைப் பார்த்த பிறகே, அறிந்து மறைப்பவரிடம் போக வேண்டும். இதற்கு உங்கள் பள்ளி ஆங்கில ஆசிரியரோடு சேர்ந்து நடத்தத் தகுந்தது எட்கர் ஆலன் போ 1846இல் எழுதிய 'தி காஸ்க் ஆஃப் அமான்டிலாடோ'. கொலை செய்தவனே ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் தன் வாயால் சொல்லும் கதை அது. நண்பனை மது ருசி பார்க்கவென்று நிலவறைக்கு அழைத்துப் போகிறான்; வழியில் நண்பன் இருமுகிறான், இருமலால் நான் சாக மாட்டேன் என்கிறான்; சொல்பவன் 'உண்மைதான், உண்மைதான்' என்று ஆமோதிக்கிறான். அவன் ஆமோதித்ததில் ஒரு சொல்லும் பொய் இல்லை, அதுதான் அச்சம் தருவது. கொலையுண்ட நண்பனின் பெயருக்கே நற்பேறு பெற்றவன் என்று பொருள். ஆயிரம் தீங்குகளைப் பொறுத்தேன் என்று தொடக்கத்தில் கூறுபவன், அவற்றில் ஒன்றையாவது விவரிக்கிறானா என்று பிள்ளைகளைத் தேட விடுங்கள். விவரிப்பதில்லை. சொல்பவரை நம்பலாமா என்ற கேள்வி அங்கே பிறக்கும்.

தமிழில் அடுத்த படிக்குப் புதுமைப்பித்தன் இருக்கிறார். 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' கதையில் கடவுள் சென்னைக்கு வருகிறார், ஆனால் கதை பெரும்பாலும் கந்தசாமிப் பிள்ளையை ஒட்டியே நடக்கிறது. கடவுளின் கோணத்திலிருந்து சொல்லியிருந்தால் அது பக்திக் கதையாகவோ உபதேசமாகவோ ஆகியிருக்கும். பத்திரிகை நடத்திக் கஷ்டப்படும் ஒரு மனிதரின் அருகே நின்று பார்ப்பதால்தான், தாண்டவம் ஆடத் தெரிந்தவருக்கு நகரத்தில் பிழைப்புக் கிடைக்கவில்லை என்பது நமக்கு உறைக்கிறது. 'பொன்னகரம்' இன்னும் கூர்மையானது. தலைப்பும் உள்ளடக்கமும் மோதுவதே அதன் கட்டுமானம். ஆனால் அதன் பொருள் கனமானது, வகுப்பின் முதிர்ச்சியைப் பார்த்து எடுக்க வேண்டும். அந்தக் கதையில் கதைசொல்லி நேரே நம்மைப் பார்த்துப் பேசிவிடுகிறார் என்பதையும், என் சின்னக் கதையின் பையன் அப்படி ஒருபோதும் திரும்பிப் பார்ப்பதில்லை என்பதையும் ஒப்பிட வைக்கலாம்.

எழுத்து வேலைக்கு ஒரே ஒரு கட்டுப்பாடு வைத்தேன். 'தன்மையில் கூறப்பட்டுள்ளது' என்று எழுதினால், அந்த வாக்கியம் 'ஆகையால்' என்று நீள வேண்டும். ஒரு மாணவன் முதலில் எழுதியது: "இக்கதை தன்மை நோக்கில் அமைந்துள்ளது. இதில் நாடக முரண் உள்ளது." கட்டுப்பாட்டுக்குப் பிறகு அவனே எழுதியது: "எட்டு வயதுப் பையன் சொல்வதால், விற்பனை என்ற சொல் கதையில் வருவதில்லை, ஆகையால் 'எண்ணாமலே' என்ற ஒரு சொல்லைக் கொண்டு நாமே விற்பனையைக் கண்டுபிடிக்கிறோம், கண்டுபிடித்ததைப் பையனிடம் சொல்ல முடியாமல் நிற்கிறோம்." கடைசித் தொடர் நான் சொல்லிக்கொடுத்ததில்லை. மதிப்பெண் கொடுக்கும்போது வகைப்பெயர் சரியா என்பதற்குக் குறைவாகவும், சொல்லைத் தொட்டுக் காட்டியதற்கு அதிகமாகவும் கொடுங்கள். பெயர் தவறி, காரணம் சரியாக இருந்தால் அது நல்ல விடை.

ஒன்றை மட்டும் எதிர்பார்த்துத் தயாராக இருங்கள். ஒரு முறை பின் வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்து, "ஐயா, அப்பத்தா எப்பவும் மூணு தடவ எண்ணுவாக, இத எண்ணலன்னு பையனே சொல்றானே. ஒண்ணும் புரியாத பையனுக்கு அது மட்டும் எப்படி மனசுல நின்னுச்சு?" என்று கேட்டாள். பையனுக்கு அன்றே ஏதோ உறுத்தியிருக்கிறது என்றார்கள் சிலர். இல்லை, இதைச் சொல்பவன் இப்போது எட்டு வயதுப் பையன் அல்லன், வளர்ந்தவன், புரிந்துகொண்டு புரியாதவன்போலச் சொல்கிறான் என்றார்கள் மற்றவர்கள். அப்படியானால் 'நான் நல்லாத் தூங்குனேன்' என்ற கடைசி வரி குழந்தையின் வரியா, பெரியவனின் குற்ற உணர்வா என்று அடுத்த கேள்வி வந்தது. கதையை எழுதியவன் நான்; அந்தக் கேள்வியை அதுவரை நான் கேட்டுக்கொண்டதில்லை என்று அவர்களிடம் சொன்னேன். மணி அடித்த பிறகும் பாதி வகுப்பு எழுந்து போகவில்லை.